பதினேழாம் எண்ணுக்கு ஒரு 'ம்'

சுவருக்கு மூக்கு அரிக்காது. சுவருக்குச் சந்தோஷம் வராது. நான் சுவர். ஐயோ, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

இசக்கியம்மாளின் மனதுக்குள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே முகத்தில் ஒன்றும் இல்லை. உளவியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து அவளுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதல் மாதம் முழுக்கச் சுவர் ஆகும் பயிற்சி. கேள்வி கேட்கிறவர் தலையாட்டினால், சிரித்தால், புருவத்தைத் தூக்கினால், பதில் சொல்கிறவர் அதற்குத் தக்கபடி பதிலை மாற்றிக்கொள்வார். ஆகவே ஆய்வாளர் சுவராக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் அவளை வராந்தாவில் நிறுத்தி, மேலே ஒரு காலண்டரை மாட்டிப் பார்த்தார்கள். விழவில்லை. சாயங்காலம் வரை மாட்டியே வைத்திருந்தார்கள். இரண்டு பேர் வந்து அமாவாசை என்றைக்கு என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"யம்மா, பாஸாயிட்டேன். சுவராயிட்டேன்."

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"காலண்டர் மாட்டுனாங்கம்மா. விழவே இல்ல."

"ஒங்கப்பா கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"கெட்டியான சுவருன்னு சொல்லு."

இரண்டாம் மாதத் தொடக்கத்தில் 'ம்'களை ஒப்படைக்க வேண்டும். அது துறையின் வழக்கம். ஒருவர் கதை சொன்னால் எதிரே இருப்பவர் உம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவருக்குக் கதை நகராது. கொட்டினால் ஆராய்ச்சி கெட்டுப்போகும். அதனால் மாணவர்கள் தங்களிடம் இருக்கும் 'ம்' எல்லாவற்றையும் ஸ்டோரில் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்டோர்காரர் சுடலைமுத்து ஓர் ஊறுகாய் பாட்டிலை நீட்டினார். இசக்கியம்மாள் அதன் வாயில் தன் வாயை வைத்து ஒவ்வொன்றாக விட்டாள். அம்மா போனில் பேசும்போது இவள் சொல்லும் 'ம்'. தோழிகள் காதல் கதை சொல்லும்போது சொல்லும் நீளமான 'ம்'. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்குச் சொல்லும் அரைத்தூக்க 'ம்'. பாட்டில் கழுத்துவரை நிறைந்தது.

"அம்புட்டும் குடுத்தாச்சா?" என்றார் சுடலைமுத்து.

"ம்," என்றாள்.

அவர் மூடியை இறுக்கி, பிளாஸ்திரி ஒட்டி, அவள் பெயரை எழுதினார். அந்தக் கடைசி 'ம்' பாட்டிலுக்குள் போகவில்லை. மூடிக்கு வெளியே ஒரு கணம் நின்றது. போக்கிடம் இல்லாமல் அவள் வாய்க்குள்ளேயே திரும்பிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஸ்டோர் மூடிவிட்டது. கதவு அல்ல; ஸ்டோர் முழுவதும் நாற்காலி மாதிரி மடங்கிக்கொண்டது.

போகட்டும், ஒன்றுதானே, என்று நினைத்துக்கொண்டாள். நாக்குக்கு அடியில் அது பட்டாணி மாதிரி கிடந்தது.

அவளுடைய தலைப்பு: மனதுக்குள் பேசும் பேச்சு. எட்டாம் வகுப்பில் ஸ்கூல் பஸ் ஜன்னல் வழியாகத் தெருவில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே போவாள். எல்லார் வாயும் மூடியிருக்கும். எல்லாருக்குள்ளும் என்னவோ ஓடிக்கொண்டிருக்கும். ஒருத்தர்கூட அதைக் கேட்பதில்லை என்பது அந்த வயதில் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. இப்போது அதைக் கேட்பதற்கு ஒரு துறை, ஓர் அறை, ஒரு படிவம் எல்லாம் இருக்கின்றன. காலையில் பல் தேய்க்கும்போதே அவளுக்கு நெஞ்சு படபடத்தது.

முறை எளிது. பங்கேற்பாளர் உட்கார்ந்திருப்பார். மேஜை மேல் ஒரு மணி இருக்கும். நினைத்த நேரத்தில் அது தானாக அடிக்கும். அடித்த கணத்தில் மனதுக்குள் என்ன ஓடியது என்று அவர் சொல்ல வேண்டும். இசக்கியம்மாள் எழுதுவாள். முப்பது பேரிடம் இப்படி எழுதி முடித்தால் பதிவு உறுதியாகும். அதன் பிறகுதான் அவள் நிஜமான ஆய்வாளர். நடுவில் ஒரு படிவம் கெட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

துறை வராந்தா இன்னும் எத்தனை பேர் பாக்கியோ அத்தனை நீளம் இருக்கும். முதல் நாள் அதன் மறுமுனை தெரியவில்லை. அங்கேதான், ஆராய்ச்சி ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கும் நெறிக்குழுவின் லிஃப்ட் இருப்பதாகச் சொன்னார்கள். ஏழு பேர் முடிந்ததும் வராந்தா சுருங்கி, தூரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. பதினாறு பேர் முடிந்ததும் அந்தப் புள்ளி ஒரு பட்டன் என்று தெரிந்தது. அவள் வராந்தாவில் நின்று அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்கவில்லை.

"எத்தன பேரு முடிஞ்சிது?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. நூர்ஜகான் அக்கா. ஆறாம் வருஷ மாணவி. கையில் இரண்டு டீ.

"பதினாறுக்கா!"

"பல்லக் காட்டாதட்டி. சுவரு சிரிக்குன்னு எழுதிருவாக."

இசக்கியம்மாள் பல்லை மூடிக்கொண்டு டீயை வாங்கினாள். நூர்ஜகான் அக்காவின் துப்பட்டா தரையில் புரண்டது. சல்வாரை நான்கு மடிப்பு மடித்து விட்டிருந்தாள்.

"அக்கா, நீங்க சேந்தப்ப நல்ல ஒசரம்னு சொன்னாங்களே."

"அஞ்சடி ஒம்பது. இப்ப அஞ்சு ரெண்டு. துறையோட சராசரி அதுதான்." அவள் டீயை ஊதினாள். "பேச்சும் சராசரி ஆயிட்டு. ஒரு நாளைக்கு இத்தன வார்த்தைன்னு வரும். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் தீந்துரும். எம் மாப்பிள்ளைக்கு ரொம்ப நிம்மதி."

"வலிச்சுதா?"

"இல்லட்டி. ரெண்டாவது வருஷம் ஒரு மனுசன் பேசிக்கிட்டே இருந்தவரு அழுதுட்டாரு. நான் 'அச்சச்சோ'ன்னுட்டேன். அத இருமல்னு எழுதச் சொன்னாக. எழுதுனேன். அன்னைக்குத்தான் முத இஞ்சு போச்சு. பொறவு பழகிட்டு." அவள் இசக்கியம்மாளை அண்ணாந்து பார்த்தாள். "நீ நல்ல ஒசரம்ட்டி."

இதில் பயப்பட வேண்டிய விஷயம் இருந்தது. இசக்கியம்மாளுக்குப் பயப்பட நேரமில்லை. பதினேழாம் எண் வந்துவிட்டது.

அந்த அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ஹெலன் செல்லத்துரை இருந்தார். அந்தப் பக்கமிருந்து இங்கே தெரியும். இந்தப் பக்கமிருந்து தன் முகம்தான் தெரியும். இசக்கியம்மாள் மேடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மேடத்திடம் பேசும்போதெல்லாம் தன் முகத்தைப் பார்த்தே பேசினாள். சில நாள் அந்த முகம் அவளைவிட அதிகம் படித்த மாதிரி இருந்தது.

பதினேழாம் எண்ணின் பெயர் தங்கபுஷ்பம். நாற்பத்தைந்து வயது. பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிக்கிறவர். எந்த பஸ் எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று நாள் முழுக்கச் சொல்கிற வேலை. குரலைக் குறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"வாங்கக்கா. மணி அடிக்கும்போது உங்க மனசுக்குள்ள ஓடுனதை அப்படியே சொல்லுங்க. சரி, தப்புன்னு எதுவும் கிடையாது."

இவ்வளவுதான் சொல்லலாம். இது அச்சடித்துக் கொடுக்கப்பட்ட வாக்கியம். இதற்குப் பிறகு, ஏழு எண்ணும் வரை எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால், 'மேலும் சொல்லுங்கள்' என்று ஒரு வாக்கியம் உண்டு. வேறு கிடையாது.

மணி அடித்தது.

"பஸ்ஸு பாலத்துல நிக்கி," என்றார் தங்கபுஷ்பம்.

இசக்கியம்மாள் எழுதினாள். படிவத்தில் நான்கு கட்டம் இருந்தது. காட்சி, பேச்சு, உணர்ச்சி, ஒன்றுமில்லை. பஸ் எதில் வரும் என்று தெரியவில்லை. ஏழு எண்ணினாள்.

"மேலும் சொல்லுங்கள்."

"என்னத்தச் சொல்ல? நிக்கி. ரெண்டு மாசமா நிக்கி."

ஏழு எண்ணினாள்.

"மேலும் சொல்லுங்கள்."

தங்கபுஷ்பம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொன்னதில்ல தாயி. ஒம்பது வயசுல ஆரம்பிச்சேன். மனசுக்குள்ள ஒரு பஸ்ஸு. நான் சொல்லிக்கிட்டே வருவேன், உள்ள ஒரு ஆளு உம் கொட்டும். ஆணா பொண்ணான்னு தெரியாது. உம் கொட்டுனா பஸ்ஸு போவும். முப்பத்தாறு வருசமாப் போய்க்கிட்டு இருந்துச்சு. மைக்குல நான் பாவநாசம்னு கத்திக்கிட்டு இருப்பேன், உள்ள எம் பஸ்ஸு வேற எங்கயோ போவும். எங் கல்யாணத்தன்னைக்கிக்கூட நிக்கல. தாலி கட்டும்போது ஒரு வளைவு திரும்பிச்சு. ரெண்டு மாசத்துக்கு முந்தி பாலத்துமேல வரும்போது, நான் சொன்னேன், உம் வரல."

அவர் நிறுத்தினார். இசக்கியம்மாளின் முகத்தைப் பார்த்தார். இசக்கியம்மாள் சுவராக இருந்தாள்.

"உள்ள நாப்பத்திரண்டு பேரு இருக்காவ. மொதல்ல பொறுமையா இருந்தாவ. இப்போ பாலத்துக் கைப்பிடியில சேல காயப் போட்டிருக்காளுவ. கண்டக்டரு ஆத்துல குளிச்சிட்டு வந்து, ஸ்டெப்னி டயருமேல உக்காந்து தல சீவுதாரு. டிரைவரு யாருகூடயும் பேசுததில்ல. அதெல்லாம் இருக்கட்டும். மூணாவது சீட்டுல ஒரு பிள்ள. ஏறும்போது வயித்துல ஏழு மாசம்."

ஏழு எண்ண வேண்டும். இசக்கியம்மாள் மூன்றுவரைதான் எண்ணினாள்.

"மேலும் சொல்லுங்கள்."

"நேத்துலருந்து இடுப்பு வலிங்கா. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்."

தங்கபுஷ்பத்தின் கைகள் மேஜை மேல் இருந்தன. அதன் விளிம்பை ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார்.

"பஸ்ஸு பாலத்துல நிக்கி," என்று மறுபடி ஆரம்பித்தார். நிறுத்தினார். பார்த்தார்.

"மேலும் சொல்லுங்கள்," என்றாள் இசக்கியம்மாள்.

"அது டிரைவருக்குக் கேக்கல தாயி."

நான் சுவர், என்று இசக்கியம்மாள் நினைத்தாள். முப்பதில் பதினாறு முடிந்துவிட்டது. பச்சைப் பட்டன் தெரிகிறது. சுவருக்குப் பிரசவம் பற்றி ஒன்றும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனையோ பிரசவம் நடந்திருக்கிறது, அது ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நல்ல சுவர். கெட்டியான சுவர்.

"பஸ்ஸு பாலத்துல நிக்கி," என்றார் தங்கபுஷ்பம், மூன்றாம் தடவையாக, மைக் இல்லாத குரலில்.

"ம்," என்றாள் இசக்கியம்மாள்.

சின்ன 'ம்'. அரைத்தூக்கத்தில் சொல்கிற அளவுகூட இல்லை. அவள் கன்னத்திலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து படிவத்தில் விழுந்தது.

தரை அதிர்ந்தது. டீசல் வாசனை வந்தது.

"எடுத்துட்டான்!" என்று கத்தினார் தங்கபுஷ்பம். "டிரைவரு எடுத்துட்டான்! ஏ, சேலைய எடுங்கட்டி! கண்டக்டரு ஓடி வாராரு. சீப்ப விட்டுட்டாரு..."

அந்த 'ம்' திரும்பி இசக்கியம்மாளின் வாய்க்கு வந்திருந்தது. இருந்தது அது ஒன்றுதான். அதையே மறுபடி சொன்னாள். மறுபடி வந்தது. தங்கபுஷ்பம் சொல்லச் சொல்ல, அவள் கொட்டக் கொட்ட, பஸ் பாலத்தைத் தாண்டியது. வாழைத்தோப்பு வந்தது. 'ம்.' ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. 'ம்.' கண்டக்டர் அந்தப் பிள்ளைக்குத் தன் துண்டை மடித்து முதுகுக்கு வைத்தார். 'ம், ம்.' அறையின் தரையில் கதவருகே தொடங்கி எதிர்ச் சுவர்வரை ஈரமான டயர்த் தடம் விழுந்தது.

அப்போதுதான் இசக்கியம்மாளுக்கு அது தட்டுப்பட்டது.

பதினாறு படிவத்தையும் அள்ளி எடுத்தாள். புரட்டினாள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்திலேயே இருந்தது. 'பங்கேற்பாளர் நிறுத்தினார். ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தார்.' மூன்றாம் எண் ஒரு தையல்காரர். ஆறு தடவை பார்த்திருந்தார். ஒன்பதாம் எண் ஒரு பேங்க் மேனேஜர், பதினோரு தடவை. எல்லாரும் ஒரு வாக்கியம் சொல்லி, நிறுத்தி, பார்த்திருக்கிறார்கள். பிறகு சோர்ந்துபோய், 'ஒண்ணுமில்லம்மா, அவ்வளவுதான்' என்றிருக்கிறார்கள். அவளும் 'ஒன்றுமில்லை' கட்டத்தில் டிக் அடித்திருக்கிறாள்.

"ஒரு நிமிஷம் பஸ்ஸ ஓரமா போடச் சொல்லுங்கக்கா," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியிடம் ஓடினாள். கண்ணாடியில் அவள் முகம் சிவந்து, கண் பெரிதாகி இருந்தது.

"மேடம்! கண்டுபிடிச்சிட்டேன் மேடம்!"

"சொல்லுங்க இசக்கியம்மாள்," என்றது கண்ணாடி.

"உள்ள யாருமே தனியா பேசல மேடம். எல்லாரும் யாருக்கோ சொல்லிக்கிட்டு இருக்காங்க. அந்த ஆளு உம் கொட்டுற இடத்துல நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாத்திருக்காங்க. பதினாறு பேரும் மேடம்! நான் 'ஒன்றுமில்லை'ன்னு எழுதுன இடம் பூரா அதுதான் இருக்கு!"

"ரொம்ப அழகான கண்டுபிடிப்பு," என்றது கண்ணாடி. மேடம் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இசக்கியம்மாளின் உள்ளங்கால் தரையில் நிற்க மறுத்தது. "எந்தக் கருவியால கண்டுபிடிச்சீங்க?"

இசக்கியம்மாள் நாக்கால் அந்த ஒற்றை 'ம்'மைக் கன்னத்துக்குள் ஒதுக்கினாள்.

"பதினேழாம் எண், நாலாவது நிமிஷம். எனக்கு ஒரு சத்தம் கேட்டுது," என்றது கண்ணாடி. "குழுவுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை."

அறைக் கதவைத் திறந்தால் வராந்தா இல்லை. பதிமூன்று பேரின் நீளம் ஒரு நொடியில் சுருட்டிக்கொண்டு, லிஃப்ட் கதவு நேரே அவள் மூக்குக்கு முன்னால் நின்றது. தங்கபுஷ்பம் நாற்காலியில் கண்ணை மூடி, பஸ்ஸை ஓரமாகப் போட்டு, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். இசக்கியம்மாள் லிஃப்டுக்குள் போனாள்.

நெறிக்குழு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்தான் கூடும். லிஃப்ட் அங்கே போய் நின்றது. உள்ளே தலைவர் பிரம்மநாயகம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு உறுப்பினர்கள், நின்றபடி, முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். லிஃப்டின் பின்பக்கம் கண்ணாடி. மேடமும் வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"உக்காரும்மா," என்றார் பிரம்மநாயகம். உட்கார இடமில்லை. "ஒன் கண்டுபிடிப்பப் பத்தி மேடம் சொன்னாக. இந்தத் துறையில இருவது வருசத்துல இப்பிடி ஒண்ணு வந்ததில்ல. என்ன சொல்லுதீரு?"

"வந்ததில்ல," என்றார் வலது பக்கத்து உறுப்பினர், முறுக்கோடு.

"அதுல ஒரே ஒரு சிக்கல். அந்த ரூமுல ஒரு 'ம்' கேட்டிருக்கு. ஒங்கிட்ட 'ம்' கிடையாது, பாட்டில் ஸ்டோருல பத்திரமா இருக்கு. அப்பம் அது வேற சத்தம். ஃபேன் சத்தம்." அவர் பதினேழாம் படிவத்தை நீட்டினார். ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. "இந்தக் கோட்டுல 'மின்விசிறிச் சத்தம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது."

"அந்த ரூமுல ஃபேனே இல்லையே சார்."

"மாட்டிருவோம்."

"போன மாசத் தேதியில மாட்டிருவோம்," என்றார் இடது பக்கத்து உறுப்பினர்.

"மிச்சம் பதிமூணு பேரையும் இன்னைக்கே வரச் சொல்லிருதேன்," என்றார் பிரம்மநாயகம். "சாயங்காலம் ஒன் பதிவு உறுதி. கண்டுபிடிப்பும் ஒன் பேருலதான். யாரும் அதுல கை வைக்க மாட்டோம். எழுதலேன்னா பதினேழும் கெட்டுச்சு. மொதல்லருந்து வரணும். வராந்தா பழைய நீளத்துக்குப் போயிரும். இப்பல்லாம் ஆள் கெடைக்கதே கஷ்டம். சொல்லுதேன்ல."

"எழுதுனா அந்தக்கா பஸ்ஸு என்னாகும் சார்?"

பிரம்மநாயகம் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் முறுக்கைப் பார்த்தார்கள்.

"ஃபேனுக்கு எங்கயாவது பஸ்ஸு போகுமாம்மா? பாலத்துல எங்க நின்னுச்சோ அங்க நிக்கும். அது ஆராய்ச்சிக்குள்ள வராது."

"அந்தப் பிள்ளைக்கு வலி எடுத்திருச்சு சார்."

"பதினெட்டாம் எண்ணாச் சேத்துக்கிடலாம்," என்றார் வலது பக்கத்து உறுப்பினர், உதவுகிற குரலில்.

"இசக்கியம்மாள்," என்றது கண்ணாடி. அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம்தான் இருந்தது. அதில் பயம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது இருந்த அதே படபடப்புதான் இருந்தது.

பிரம்மநாயகம் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தார். கனமான பேனா. நிப்பில் மை தயாராக நின்றது. இசக்கியம்மாள் படிவத்தை லிஃப்டின் சுவரில் வைத்துப் பிடித்தாள். தன் கையெழுத்தில் பஸ், பாலம், நாப்பத்திரண்டு பேர், இடுப்பு வலி எல்லாம் வரிசையாக இருந்தன. எழுத்து எங்குமே இவ்வளவு வேகமாகச் சாய்ந்து ஓடியதில்லை. அவள் எழுதிய எதிலும் இவ்வளவு விஷயம் இருந்ததில்லை. நாளைக்கு வராந்தாவின் மறுமுனை தெரியாது. முதல் எண்ணாக அந்தத் தையல்காரரை மறுபடி கூப்பிடலாம். ஆறு தடவை பார்த்தவர். அவருக்குள் என்ன ஓடுகிறதென்று இன்னும் யாருக்கும் தெரியாது.

"ரெண்டே வார்த்தைதானம்மா," என்றார் பிரம்மநாயகம்.

அவள் பேனாவின் மூடியைக் கேட்டு வாங்கினாள். மூடினாள். அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அது ஃபேன் இல்ல, சார்," என்றாள். "நான்தான்."